டைப்பிங் கடைக்கு விண்டோஸா, மின்ட்டா?

அம்பாசமுத்திரத்தில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் பார்க்கிற கடை எனக்கு. இதே இடத்தில் முன்னே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். அதனால் ஊரில் இன்னும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றும் இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸரில் ஒன்றிரண்டைத் தவிர எதையும் மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்க்கவில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கிறது. ஒரு வருடம் நீட்டிப்பு உண்டு, அதுவும் 2026 அக்டோபரில் தீர்ந்துவிடும். குறுக்கு வழியில் 11 ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஊர்க்காரர்களின் ஆதாரும் பத்திரமும் பாஸ்புக்கும் தினம் ஸ்கேன் ஆகிற மெஷினில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

அக்கா மகன் கம்ப்யூட்டர் படித்தவன். அவன் சொல்லி, இரண்டு மெஷினில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினோம். வேர்டு, எக்செல் வேலைக்கான லிப்ரே ஆபீஸ் அதோடு வந்தது. மூன்றாவதைக் கழித்துவிட்டு, விண்டோஸ் 11 ஏற்றியே விற்கும் புது மெஷின் ஒன்று வாங்கினேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே சோலியைச் செய்து பார்த்ததில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். இணையத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வேகம், அழகு, கேம் என்று போகிறார்கள். எங்களை மாதிரிக் கடைகளில் முதலில் பார்க்க வேண்டியது தமிழ் கீபோர்டு, அடுத்தது பிரிண்டர். ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்பது அதற்கெல்லாம் அப்புறம்.

கீபோர்டு ஏன் முதலில் என்றால், இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களின் விரல் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில் ஊறியது. கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்போம். தமிழ்99 நல்ல முறைதான், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன். ஆனால் இத்தனை வயதுக்கு மேல் என் விரலிடம் போய் அதைச் சொல்ல முடியாது. விண்டோஸில் தமிழ்99, ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கிற அஞ்சல் முறை இரண்டும் இப்போது உள்ளேயே இருக்கின்றன. டைப்ரைட்டர் முறை வேண்டுமென்றால் என்எச்எம் ரைட்டர் அல்லது அழகி என்று தனியாக ஒன்றைப் போட வேண்டும். மின்ட்டில் இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்து, ஒரு தடவை லாக்-அவுட் செய்து வந்தால் தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு எல்லாம் ஒரே பட்டியலில் நிற்கும். இலவசம், எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. இதில் மின்ட்டுக்கு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

அடுத்து பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை வந்து எத்தனையோ காலம் ஆகியும், தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றும், எங்கள் பக்கத்து வக்கீல் குமாஸ்தாக்களும் பத்திரம் எழுதுகிறவர்களும் பென்டிரைவில் கொண்டுவருவது பாமினியிலோ வானவில்லிலோ அடித்த ஃபைல்தான். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மின்ட்டில் அந்த ஃபான்ட் ஃபைலை இரண்டு தட்டு தட்டி இன்ஸ்டால் கொடுத்தால் போதும், பழைய ஃபைல் அப்படியே திறக்கிறது.

ஆனால் பாமினிக்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வேர்டு, லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் அது உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட். பாமினியில் ஆங்கிலச் சின்ன எம்தான் அ, பெரிய எம் ஆ. சின்ன வி அடித்தால் எ, பெரிய வி ஏ. அதனால் ‘அவர்’ என்று தொடங்கும் வரி ‘ஆவர்’ ஆகும், ‘எழுதிக் கொடுத்த’ என்பது ‘ஏழுதிக் கொடுத்த’ என்று நிற்கும். கிரயப் பத்திரத்தில் இப்படி ஒன்று போய்ப் பதிவாகிவிட்டால் திருத்தல் பத்திரம்தான் போட வேண்டிவரும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

யூனிகோடில் அடிக்கிறவர்களுக்கு வேறு விஷயம். லிப்ரே ஆபீஸ் தமிழைத் தனி வகை எழுத்தாக நினைக்கிறது. ஸ்டைலைத் திருத்தும்போது ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட், அளவு. தமிழுக்கு வேறு ஃபான்ட், அளவு. மேலே 14 வைத்துவிட்டு, கீழே தமிழுக்கு 12-ஐ அப்படியே விட்டுவிட்டு, எழுத்து பெரிதாகவில்லையே என்று கோட்டி பிடித்து அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் மாற்றுங்கள்.

பத்திர வேலைக்கு வந்தால் நான் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் பக்கம்தான். காரணம் பேஜ் ஸ்டைல். முத்திரைத்தாளில் மேல்பாதி முத்திரை, எழுத்து கீழே இருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் வெற்றுத்தாளில் மேலிருந்தே அடிக்கலாம். ‘முத்திரை’ என்று ஒரு பேஜ் ஸ்டைல், ‘வெற்றுத்தாள்’ என்று இன்னொன்று செய்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு இரண்டு முத்திரைத்தாள், நாளைக்கு நாலு என்றாலும் பேஜ் பிரேக் கொடுக்கும்போது எந்த ஸ்டைல் என்று சொன்னால் முடிந்தது. வேர்டில் இதையே செக்‌ஷன் பிரேக் வைத்துச் செய்யலாம். செய்துகொண்டும் இருந்தேன். நடுவில் ஒரு பத்தியை அழித்தால் பிரேக்கும் சேர்ந்து போய், மார்ஜின் எல்லாம் தலைகீழாகும். முத்திரைத்தாள் விலையை நினைத்தால் பிரிண்ட் கொடுக்கும்போது கை நடுங்கும்.

எப்போதும் வரும் பத்திரம் எழுதும் அண்ணாச்சி முதல் தடவை மின்ட் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, “என்ன டீச்சர், வேர்டு மூஞ்சியே மாறிட்டு?” என்றார். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டு என்று மாற்றிவிட்டேன். வேர்டு மாதிரியே மேலே பட்டைகள் வந்தன. “இது சரி” என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் இன்றுவரை அதை வேர்டு என்றுதான் சொல்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வக்கீல் அனுப்பும் வேர்டு ஃபைலில் டேபிளும் தானாக வரும் எண் வரிசையும் இருந்தால், லிப்ரே ஆபீஸில் ஒரு வரி இங்கேயும் அங்கேயும் தள்ளும். மைக்ரோசாஃப்டின் காலிப்ரி ஃபான்டுக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோ என்ற ஃபான்ட் இருப்பதால் ஆங்கிலப் பக்கங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பாரா எண்ணும் பக்க எண்ணும் சொல்லி வாதாடுகிற மனுவில் ‘பெரும்பாலும்’ போதாது. திரும்பத் திரும்ப இரண்டு பக்கமும் திருத்திக்கொண்டிருக்கும் ஃபைல் என்றால் நான் விண்டோஸ் மெஷினில் வேர்டில்தான் திறப்பேன். பிரிண்டுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆகவே அனுப்பச் சொல்லிவிடுவேன்.

கணக்குக்கு லிப்ரே ஆபீஸின் கால்க். எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் வரி லிஸ்ட் அடிக்க ஆள் வரும். தலைக்கட்டு வாரியாகப் பெயர், வரி, வரவு, பாக்கி. ஃபில்டர் போட்டு பாக்கிக்காரர்களை மட்டும் எடுப்பது, தலைப்பு வரியை ஒவ்வொரு பக்கத்திலும் வரவைப்பது எல்லாம் கால்க்கில் எக்செல் மாதிரியேதான். எக்ஸ்லுக்அப் என்ற சூத்திரம் இல்லையே என்று முன்னால் ஒரு பேச்சு இருந்தது, லிப்ரே ஆபீஸ் 24.8-இல் அதுவும் வந்துவிட்டது. மகளிர் குழுக் கணக்கு, கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்களின் பில், எதற்கும் நான் எக்செலைத் தேடியதில்லை.

தேடுகிற இடம் மாக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதிவைத்த கட்டளைகள். வருமான வரிக்கு எக்செல் ஃபைலாக வரும் படிவங்கள் அசல் எக்செலை நம்பிச் செய்யப்பட்டவை, கால்க்கில் திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். டேலி விண்டோஸுக்காகச் செய்த கணக்கு மென்பொருள். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் எங்கேயும் ஓடும், அதன் ஆஃப்லைன் டூல் விண்டோஸ் கேட்கும். கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு என்றால் விண்டோஸைவிட்டு நகராதீர்கள், யார் என்ன சொன்னாலும்.

பட்டா, சிட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் இதெல்லாம் பிரவுசர் வேலை. வித்தியாசமே தெரியாது. போட்டோவை இத்தனை கேபிக்குள் சுருக்க ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் வைத்திருக்கிறேன். ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தைக் குறைக்கக் குறைக்க ஃபைல் அளவு எவ்வளவு என்று அங்கேயே காட்டும். இதற்கென்று சம்பந்தமில்லாத தளங்களில் ஜனங்களின் போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்ற வேண்டியதில்லை.

பிரிண்டர்தான் சோதித்துவிட்டது. புதிதாக வரும் வைஃபை பிரிண்டர்கள் பலவற்றை மின்ட் டிரைவர் இல்லாமலே கண்டுபிடித்துக்கொள்கிறது. என்னிடம் இருப்பது பழைய சின்ன லேசர். டோனர் ரீஃபில் மலிவு, பேப்பர் சிக்காது, அதை விடவும் மனசில்லை. லினக்ஸுக்கு அதன் டிரைவரை அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏற்றினான். ஒரு பக்கம் அடித்தது. அடுத்த பக்கத்துக்கு அசையவில்லை. கடைசியில் அதை விண்டோஸ் மெஷினில் மாட்டி, மின்ட்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கி, பொது ஃபோல்டரில் போட்டு, அங்கிருந்து அடிக்கிறேன். ஒரு கிளிக் அதிகம். விரல்ரேகைக் கருவியும் அப்படித்தான், விண்டோஸ் பக்கம் போய்விட்டது.

ஆபீஸ் மென்பொருளின் விலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் ‘ஆபீஸ் போட்டுத் தரேன்’ என்று ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றுவது எது என்று எல்லோருக்கும் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸை ஒழுங்காக வாங்குவதென்றால் வருடச் சந்தா, அல்லது ஆபீஸ் 2024 மாதிரி ஒரே தடவை பணம். பழைய 2016, 2019 பதிப்புகளுக்கும் விண்டோஸ் 10-க்கு நின்ற அதே நாளில் அப்டேட் நின்றுவிட்டது. ஒரு மெஷினுக்கு மட்டும் முறையாக வாங்கினேன், அது போதும்.

மேக்கில் அஞ்சல், தமிழ்99 எல்லாம் உள்ளேயே உண்டு, அழகாகவும் இருக்கிறது. அந்த விலைக்கு எங்கள் கடையில் மூன்று மெஷின் வரும். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுதும் வசதி நன்றாகவே இருக்கிறது, வயசானவர்கள் மனு சொல்லச் சொல்ல அதில் பிடித்து, அப்புறம் திருத்திக்கொள்ளலாம். நெட் போனால் அதோடு சரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் செய்தது. திறந்து பார்த்த பிள்ளை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. பெயர் தெரியாத ஒன்றை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தானே தொடுவார்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: வீட்டில் பாட்டு, படம், பேங்க், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், எப்போதாவது ஒரு கடிதம் என்றால் மின்ட் போடுங்கள். நாலு ஜிபி ராம் இருந்தால் ஓடும், எட்டு இருந்தால் நிம்மதி. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வருகிறது. டைப்பிங் கடைக்கு இரண்டு மின்ட், ஒரு விண்டோஸ். ஆடிட்டர் ஆபீஸுக்கு விண்டோஸ், மறுபேச்சில்லை.

ஏற்றும் முன் ஒரு பென்டிரைவில் மின்ட்டைப் போட்டு அதிலிருந்தே பூட் செய்யுங்கள். டிஸ்க்கைத் தொடாமலே முழுசாக ஓடும், கொஞ்சம் மெதுவாக. அந்த நிலையிலேயே உங்கள் பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் அடியுங்கள், ஸ்கேன் எடுங்கள், உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஒரு வேர்டு ஃபைலைத் திறந்து பாருங்கள். இரண்டாவது பக்கத்தையும் அடித்துப் பாருங்கள்.