வீமனுக்குக் குளிசையா, ஊசியா, சொட்டு மருந்தா?

வெள்ளவத்தையில் நாங்கள் வழக்கமாகப் போகும் பாமசியில் ஒரு நாள் 1 மில்லி சிரிஞ்ச் பத்துக் கேட்டேன். அங்கே நிற்கும் அண்ணைக்கு அம்மாவின் மருந்துப் பட்டியல் மனப்பாடம். “என்ன பிள்ளை, அம்மாவுக்கு இன்சுலினைக் கூட்டிப்போட்டினமோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை, இது நாய்க்கு.”

“கடவுளே, நாய்க்கும் சீனி வருத்தமோ!”

வீமனுக்குச் சீனி வருத்தம் இல்லை. ஒவ்வாமை. ஐந்து வயது லாப்ரடோர், 31 கிலோ. இரண்டு வயதில் தொடங்கியது. முன்னங்கால் பாதங்களை நக்கி நக்கி, வெளிர் மயிர் துருப்பிடித்த நிறமாகிவிட்டது. அப்புறம் காது, அப்புறம் அக்குள், வயிறு. நாய்களுக்கு வரும் இந்தத் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும் என்று டொக்டர் சொன்னார். அடியோடு மாறுகிற வருத்தமும் இல்லையாம். அதனால் எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் யோசிப்பேன்: இதை எங்கள் வீட்டில், எங்கள் தொடர்மாடியில், எங்கள் கரண்டோடு வருடக்கணக்கில் இழுக்க முடியுமா?

முதலில் தெள்ளு, பிறகு சாப்பாடு

மருந்துகளை ஒப்பிடும் முன் இந்த இரண்டையும் கழித்துவிட வேண்டும். வாலடியையும் இடுப்பையும் கடித்துக் குதறும் நாய்க்கு முதலில் தெள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும். கொழும்பில் குளிர்காலம் இல்லை, அதனால் தெள்ளுக்கு ஓய்வும் இல்லை. தெள்ளு மருந்தை வருடம் முழுக்க விடாமல் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு ஒவ்வாமை கொஞ்சம் சிக்கல். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான இரத்தப் பரிசோதனை கிடையாது. நாய் முன்பு தின்னாத ஓர் இறைச்சியையும் ஒரு மாச்சத்தையும் மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வீமன் கோழி, மாடு, மீன், முட்டை எல்லாம் கண்டவன். மிஞ்சியது பன்றி. வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீட்டில் பன்றியிறைச்சியா? பின் பல்கனியில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்து, அதோடு வற்றாளங்கிழங்கும் அவித்தேன். ஏழாவது வாரம் அம்மம்மா ஒளித்து மாரி பிஸ்கட் கொடுத்ததைக் கண்டுபிடித்தோம். “பாவம் பிள்ளை, பார்த்துக்கொண்டு நிக்குது” என்றா. கோதுமையும் பாலும் சேர்ந்த பிஸ்கட். திரும்ப முதலாம் வாரத்திலிருந்து.

முடிவில் சாப்பாடு காரணமில்லை என்று தெரிந்தது. மிஞ்சியது வீட்டிலும் காற்றிலும் உள்ளவை. அவற்றில் முதல் சந்தேகம் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி மேல்தான். ஈரப்பதம் இருந்தால் அது பெருகும், கடற்கரையோரக் கொழும்பில் ஈரப்பதத்துக்கு என்ன குறை!

இன்றிரவு தூங்க வைக்கும் மருந்துகள்

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை: மலிவு, எந்தப் பாமசியிலும் கிடைக்கும், ஒரே நாளில் சொறிச்சல் அடங்கும். வீமன் தொடங்கிய மூன்றாம் நாளே வாளித் தண்ணீர் குடித்து லிப்டுக்குள் மூத்திரம் பெய்தான். குப்பைக் கூடைக்குள் தலையை விட்டான். நீண்ட நாள் கொடுத்தால் தசை கரையும், தோல் மெலியும், தொற்று வரும், நீரிழிவுகூட வரலாம். கடும் சொறிச்சலை ஒரு கிழமைக்குள் அடக்க இதைப்போல் ஒன்றில்லை. வருடக்கணக்கில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒக்லாசிட்டினிப், அதாவது அப்போக்குவெல்: 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளிசை. சொறிச்சல் செய்தியைக் கடத்தும் உயிரணுப் பாதையை இது அடைக்கிறது. கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதல் இரண்டு வாரம் வரை நாளுக்கு இரு தடவை, பிறகு ஒரு தடவை. வீமனின் எடைக்கு 16 மில்லிகிராம் குளிசை ஒன்று. ஒரு நாளுக்குள் வேலை செய்தது, தாகமும் பசியும் ஏறவில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிக்கும், கடும் தொற்றுள்ள நாய்க்கும், புற்றுநோய் உள்ள நாய்க்கும் இது கூடாது. என் பிரச்சினை வேறு: நிறுத்திய அடுத்த நாளே சொறிச்சல் திரும்பிவிடும். சின்ன நாய் வைத்திருப்பவர்களுக்குச் செலவு உறைக்காது, 31 கிலோ நாய்க்கு மாதா மாதம் உறைக்கும். 2022இல் டொலர் இல்லாமல் மனிதருக்கே மருந்து தட்டுப்பட்டதைக் கண்ட ஊரில், இறக்குமதியாகும் ஒரே குளிசையை நம்பி நாயை வளர்க்க எனக்குத் துணிவில்லை.

லோகிவெட்மாப், அதாவது சைட்டோபொயின்ட், ஊசி வடிவில் வரும் எதிருடல். சொறிச்சலைத் தூண்டும் இன்டர்லூக்கின் 31 என்ற புரதத்தை மட்டும் பிடித்து முடக்கும். ஒரு ஊசி நான்கு முதல் எட்டு வாரம் தாங்கும். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை குறைவு என்பதால் வயதான நாய்க்கும் வேறு மருந்து தின்னும் நாய்க்கும் இதுதான் என் முதல் தெரிவு. குளிசையைக் கண்டால் வாயை இறுக்கும் நாய்க்கும் இது வரம். இதை ஒவ்வாமை ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, கீழே வருகிறது.

நோயெதிர்ப்பை அடக்கும் சைக்லோஸ்போரின் நாலு தொடக்கம் ஆறு வாரம் கழித்துத்தான் பலன் காட்டும், தொடக்கத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரலாம். நாங்கள் அதற்குப் போகவில்லை. செற்றிரிசின் போன்ற மனித ஒவ்வாமைக் குளிசைகள் நாய்ச் சொறிச்சலுக்குப் பெரிதாக உதவுவதில்லை. மூக்கடைப்பு மருந்து சேர்ந்த குளிசையைத் தெரியாமல் கொடுத்தால் ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டு அன்ரி தந்த தடிமன் குளிசையை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, கொடுக்காமல் விட்டேன்.

ஒவ்வாமை ஊசி

மேலே சொன்னவை எல்லாம் சொறிச்சலை அமத்துபவை. ஒவ்வாமை ஊசி உடம்பையே பழக்கப்படுத்தப் பார்க்கிறது. 1911இல் லண்டனில் லெனர்ட் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றை மனிதருக்கு ஊசியாகப் போட்டு இந்த வழியை எழுதினார். நாய்க்கும் அதே தத்துவம்தான். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ, அதை மிக ஐதாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுப்பது.

அந்தப் பொருள் எது என்று தோலில் சிறு ஊசிகள் குத்தியோ இரத்தம் எடுத்தோ பார்ப்பார்கள். தோல் பரிசோதனை என்றால் பிரெட்னிசலோனை இரண்டு வாரமளவில் முன்பே நிறுத்த வேண்டும். அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் தூங்கவில்லை. இங்கே ஒரு தவறு நடக்கும்: பரிசோதனைத் தாளில் “ஆம்” என்று வந்த எல்லாமே குற்றவாளி இல்லை. சுகமான நாய்க்கும் “ஆம்” வரும். நோயை டொக்டர் தீர்மானித்த பிறகு, ஊசி மருந்துக் குப்பிக்குள் எதைப் போடலாம் என்று தெரிவுசெய்யத்தான் அந்தத் தாள்.

பலன்? ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் ஓரளவாவது தேறும். அதற்கு ஒரு வருடம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் “வேலை செய்யவில்லை” என்று கைவிடுபவர்கள்தான் கூட. அதுவரை குளிசையும் தேவைப்படும். அதனால் குளிசையா ஊசியா என்ற கேள்வியே எனக்குப் பிழையாகப் படுகிறது. குளிசை இன்றிரவுக்கு, ஊசி அடுத்த வருடத்துக்கு.

கிளினிக்கிலா, வீட்டிலா?

முதல் ஊசிகளைக் கிளினிக்கிலேயே போட்டோம். அதில் சமரசம் வேண்டாம். முகம் வீங்குவது, தடிப்புகள், வாந்தி, சோர்ந்து விழுவது போன்ற கடும் எதிர்விளைவு அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வரும். அந்த நேரம் டொக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் தொடக்கத்தில் எங்களுக்குத் தந்த அட்டவணைப்படி சில நாளுக்கு ஒரு ஊசி. காலி வீதியில் பின்னேர நெரிசலில், 31 கிலோ நாயை ஓட்டோவுக்குள் ஏற்றி, அவன் சாரதியின் தோளில் எச்சில் வடிக்க, போய் வர இரண்டு மணித்தியாலம். மூன்றாம் தடவை கிளினிக் வாசலில் உட்கார்ந்தவன் எழும்பவே இல்லை. வீட்டில் என்றால் பிசைந்த வாழைப்பழம் ஒரு கோப்பையில், அவன் நக்கி முடிக்க முன் ஊசி முடிந்துவிடும். பயமில்லை, ஓட்டோ இல்லை, கிளினிக் கட்டணம் இல்லை. கையில் நடுக்கமில்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அம்மா. பன்னிரண்டு வருடமாகத் தனக்குத் தானே இன்சுலின் போடுகிறா. “உன்னைவிட எனக்குத் தெரியும், தள்ளி நில்” என்று தோள்பட்டைக்கு மேல் தளர்ந்த தோலைக் கூடாரம்போல் இழுத்து, அடியில் ஊசியை விட்டு, பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வரவில்லை என்று பார்த்து, தள்ளிவிட்டா. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் அந்த அனுபவம்தான் முதற் சிக்கலையும் கொண்டுவந்தது. இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கோடு. நூறு யூனிட் சிரிஞ்சில் 100 என்றால் 1 மில்லி, 10 என்றால் 0.1 மில்லி. டொக்டர் எழுதியது 0.2 மில்லி. அம்மா இழுத்தது 2 யூனிட், பத்தில் ஒரு பங்கு. அது குறைந்த பக்கம் போனதால் தப்பினோம், கூடிய பக்கம் போயிருந்தால் பத்து மடங்கு. அதன் பிறகுதான் பாமசியில் மில்லிலீற்றர் கோடு போட்ட சிரிஞ்ச் கேட்கத் தொடங்கினேன். அதைத்தான் அண்ணை இன்சுலின் என்று நினைத்தார்.

இரண்டாவது சிக்கல் அதைவிடப் பயங்கரம். பிரிட்ஜில் அம்மாவின் இன்சுலினும் வீமனின் குப்பியும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டும் சின்னக் கண்ணாடிக் குப்பி. மாறி நாய்க்கு இன்சுலின் ஏறினால் சீனி விழுந்து உயிர் போகலாம். இப்போது வீமனுடையது சிவப்பு நாடா சுற்றிய பிளாஸ்டிக் பெட்டியில், கீழ்த் தட்டில். அம்மாவுடையது மேலே. ஊசி போட முன் ஒருவர் பெயரை வாசிக்க, மற்றவர் அளவைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. கதவுத் தட்டு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடாகும். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலமளவு குளிர் நிற்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில் நாங்கள் இதைத் தொடங்கவில்லை, நல்ல காலம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை, அம்மா இன்சுலினோடு வீமனின் பெட்டியையும் ஐஸ் போட்ட பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் துணியால் சுற்றி வைத்தா.

வீட்டில் போடுவதன் உண்மையான விலை அந்த ஒரு மணித்தியாலக் காவல். ஊசி போட்டுவிட்டு வேலைக்கு ஓட முடியாது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால் போடக் கூடாது. போட்ட இடம் வீங்கினாலோ, அடுத்த நாள் சொறிச்சல் கூடினாலோ, அடுத்த அளவைக் கூட்ட முன் டொக்டரிடம் கேட்க வேண்டும். தவறிய ஊசிக்காக இரட்டை அளவு போடக் கூடாது. பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் மூடி வைத்து, கிளினிக்குக்கே திருப்பிக் கொடுக்கிறோம். குப்பை எடுக்க வருபவரின் கையில் குத்தினால் யார் பொறுப்பு?

நாக்கடிச் சொட்டு

ஊசியைப் பார்க்கவே முடியாத வீட்டுக்கு அதே மருந்துச் சத்து சொட்டாகவும் உண்டு. உதட்டை விலக்கி வாய்க்குள் விடுவது. கடும் எதிர்விளைவு ஊசியைவிட அரிது. ஊசி பலிக்காத சில நாய்களுக்குச் சொட்டு பலித்திருக்கிறது. ஆனால் தினமும், மருந்தைப் பொறுத்து நாளுக்கு இரண்டு தடவைகூட, கொடுக்க வேண்டும். கொடுக்க முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் சாப்பாடு கூடாது. அம்மம்மாவும் மாரி பிஸ்கட்டும் இருக்கும் வீட்டில் தினசரிக் கட்டுப்பாடு எவ்வளவு நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் ஊசியையே எடுத்தேன். தனியாக இருந்து ஒழுங்காக நேரம் பார்க்கும் ஒருவருக்குச் சொட்டைத்தான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் குளிப்பாட்டுவது தனி. ஈரமான மாதங்களில் வீமனின் பாதத்தில் புளித்த மா வாசம் வந்தால் பூஞ்சணத் தொற்று என்று அர்த்தம். அதற்கு டொக்டர் தந்த குளோர்ஹெக்சிடின் ஷாம்புவைப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பத்து நிமிடம் குளியலறையில் அவனோடு நானும் பூட்டப்பட்டிருப்பேன்.

ஊசி தொடங்கி இப்போது பதினான்கு மாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அப்போக்குவெல் பெட்டி அலுமாரியில்தான் இருக்கிறது, ஒக்ரோபர் மழை தொடங்கி இரண்டு வாரம் கொடுத்தேன், பிறகு எடுக்கவில்லை. ஊசிக்கு நாங்கள் எடுத்த நேரம் ஞாயிறு காலை பத்து மணி. கிளினிக் மதியம்வரை திறந்திருக்கும், ஏதும் ஆனால் ஓடலாம் என்பது என் காரணம். பின்னேரம் நாலரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும் என்பது அம்மாவின் காரணம். கலண்டரில் தன் இன்சுலினுக்கு நீலப் புள்ளியும் வீமனுக்குச் சிவப்புப் புள்ளியும் அவதான் போடுகிறா.