எச்சரிக்கை விளக்கு எரிகிறது: கையேடா, செல்பேசி ஸ்கேனரா, பட்டறையா?

ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக ஓர் எஞ்சின் படம் எரிகிறது. வண்டியில் வேறு எந்த மாற்றமும் தெரியவில்லை. இந்த நேரத்தில் ஒருவர் குளோவ் பாக்ஸில் கிடக்கும் கையேட்டை எடுப்பார். இன்னொருவர் வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி செல்பேசியில் பார்ப்பார். மூன்றாமவர் நேராகப் பட்டறைக்கு ஓட்டுவார். நான்காமவர் கொஞ்ச நாள் போகட்டும் என்று விடுவார், அல்லது யாரிடமாவது கொடுத்து விளக்கை அழித்துவிடுவார். நான் இந்த நான்கையும் வெவ்வேறு சமயங்களில் செய்திருக்கிறேன். எது சிறந்தது என்று கேட்டால், முதலில் நமக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று தெளிவாக வேண்டும். இன்னும் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பது ஒரு கேள்வி. கோளாறு எந்தப் பக்கம் என்பது இன்னொன்று. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது. ஒரே வழி மூன்றுக்கும் பதில் தருவதில்லை. காசு வீணாவது பெரும்பாலும் இதை மறந்துவிடுவதால்தான்.

சிவப்பு என்றால் ஒப்பீடே இல்லை

மஞ்சள் விளக்கு எரிந்தால் யோசிக்க நேரம் உண்டு. சிவப்பு எரிந்தால் அந்த நேரம் இல்லை. கையேடும் ஸ்கேனரும் வண்டியை ஓரம் கட்டிய பிறகுதான்.

எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கைப் பலரும் "ஆயில் குறைந்துவிட்டது" என்று படிக்கிறார்கள். அது சொல்வது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பது நடுவில் அழுத்தத்தோடு ஓடும் மெல்லிய ஆயில் படலத்தால். அது இல்லாமல் ஓடும் எஞ்சின் சில நிமிடங்களுக்குள்ளேயே பாழாகிவிடலாம். ஆகவே உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியில் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் ஆயில் பம்ப்போ, ஆயிலை உறிஞ்சும் வலையின் அடைப்போ, அல்லது வெறும் சென்சாரோ காரணமாக இருக்கலாம். சாலையோரத்தில் நின்று அதைப் பிரித்தறிய முடியாது. சென்சாராகத்தான் இருக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

வெப்பமானி விளக்கும் அப்படித்தான். உடனே நிறுத்த இடமில்லாவிட்டால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் எஞ்சினிலிருந்து கொஞ்சம் சூடு வெளியேறும். பக்கத்தில் ஓரம் கட்டும் வரைக்கும்தான் அது உதவும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம்தான் கூலன்ட்டைக் கொதிக்கவிடாமல் வைத்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழும், அதே கணம் அது கொதித்து முகத்தில் அடிக்கும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஏறிக்கொண்டிருந்த வெப்ப முள் திடீரென்று கீழே விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கூலன்ட் முழுவதும் வெளியேறி, சென்சாரைச் சுற்றித் திரவமே இல்லாமல் போயிருக்கலாம்.

சிவப்பு பேட்டரி விளக்கு கொஞ்சம் அவகாசம் தரும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை, வண்டி பேட்டரியில் மிச்சமிருப்பதைக் கொண்டு ஓடுகிறது என்பதுதான் பொதுவாக அதன் பொருள். ஆனால் பெல்ட் அறுந்ததால் அது எரிந்திருந்தால், சில எஞ்சின்களில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அடுத்த சில நிமிடங்களில் வெப்ப முள் ஏறத் தொடங்கும். அதனால் பேட்டரி விளக்கு எரிந்தால் கண் வெப்ப முள்ளில் இருக்கட்டும்.

பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள், அப்புறம் பிரேக் ஆயிலின் அளவை. மிதி வழக்கத்தைவிடக் கீழே போனால் ஓட்டவே வேண்டாம். சிவப்பு பிரேக் விளக்கோடு மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால், முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கக்கூடும். அழுத்திப் பிடித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

கையேடு

இனி மஞ்சள் விளக்குகளுக்கு வருவோம். கையேட்டை நான் இப்போது முன்பைவிட அதிகமாக மதிக்கிறேன். டேஷ்போர்டு சின்னங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதனால் ஏபிஎஸ், ஏர்பேக் போன்றவை எந்த வண்டியிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. ஸ்பேனர் படம் ஒரு நிறுவனத்தின் காரில் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது, இன்னொரு நிறுவனத்தின் காரில் எஞ்சின் அல்லது கியர் பகுதியில் கோளாறு என்கிறது. சில டீசல் வண்டிகளில் சுருள் கம்பி போன்ற விளக்கு நிலையாக எரிந்தால் எஞ்சின் கிளம்ப உதவும் குளோ பிளக் சூடாகிறது என்று பொருள், ஓடும்போது சிமிட்டினால் எஞ்சின் கட்டுப்பாட்டில் பிழை என்று பொருள்.

டயர் காற்று விளக்கிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. எரிந்து நிலையாக நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலைத்தால், பல வண்டிகளில் அது காற்று அளக்கும் அமைப்பிலேயே கோளாறு என்று அர்த்தம், சக்கரத்திலுள்ள சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் இந்த விளக்கு எரிய வேண்டும். அப்படியானால் 20 சதவீதம் குறைந்திருந்தும் விளக்கு அமைதியாக இருக்கலாம். விளக்கு எரியாததால் காற்று சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கையேடு கைவிடும் இடம் ஒன்றே ஒன்று, அதுதான் நம்மை அதிகம் குழப்பும் இடமும். முதலில் சொன்ன எஞ்சின் படத்துக்கு, அதாவது செக் எஞ்சின் விளக்குக்கு, எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் பதில் "பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்பதுதான். எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதற்கு அது நல்ல துணை, என்ன கோளாறு என்பதற்கு இல்லை.

செல்பேசி ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் இது கட்டாயம், மற்ற நாடுகளும் பின்னால் சேர்ந்துகொண்டன. இதில் செருகும் சிறிய புளூடூத் கருவி எஞ்சின் கணினி சேமித்து வைத்திருக்கும் பிழைக் குறியீட்டைச் செல்பேசிக்கு அனுப்பும். பி (P) என்று தொடங்கினால் எஞ்சினும் கியரும், சி (C) என்றால் பிரேக், ஸ்டீயரிங் போன்றவை, பி (B) என்றால் ஏர்பேக் உள்ளிட்ட பாடி பகுதி, யு (U) என்றால் கணினிகளுக்கிடையிலான தொடர்பு. பி0301 (P0301) என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை, பி0302 என்றால் இரண்டாவதில். பி0420 என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது.

இங்கேதான் நான் ஒருமுறை தவறினேன். என் காரில் பி0171 வந்தது. எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்று அதற்குப் பொருள். ஆக்சிஜன் சென்சார்தானே இதைக் கண்டுபிடிக்கிறது, அது கெட்டிருக்க வேண்டும் என்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டினேன். ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் சொன்னவனைத் தண்டித்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. குறியீடு காட்டுவது கணினி எதைக் கவனித்தது என்பதை. எதனால் என்பதை அது சொல்லாது.

பிறகு அதே செயலியில் நேரடி அளவுகளைப் பார்த்தேன். ஃபியூல் டிரிம் என்று ஓர் அளவு உண்டு, கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் எனக்கு அது 18 காட்டியது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது நான்குக்கு இறங்கியது. எங்கோ சின்ன ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால் இப்படித்தான் நடக்கும். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே குறைவு, அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகம் கூடும்போது அந்தப் பங்கு சிறிதாகிவிடுகிறது. தேடிப் பார்த்தால் எஞ்சினின் காற்றுப் பாதையோடு சேரும் வேக்குவம் ஹோஸ் என்ற ரப்பர் குழாய் ஒன்று வளையும் இடத்தில் வெடித்திருந்தது. ஃபியூல் பம்ப் பலவீனமாகியிருந்தால் இந்த அளவு பெரும்பாலும் நேர் எதிராக, வேகமும் பளுவும் கூடக்கூட ஏறும்.

ஆகவே ஸ்கேனர் வாங்குவதென்றால் குறியீட்டை மட்டும் காட்டுவதை வாங்காதீர்கள். நேரடி அளவுகளும், பிழை பதிவான கணத்தின் வேகம், வெப்பம், ஆர்பிஎம் ஆகியவற்றைச் சேமித்த ஃப்ரீஸ் ஃபிரேமும் தெரிய வேண்டும். கையடக்கக் கருவிக்குச் செல்பேசியோடு இணைக்கும் தொல்லை இல்லை, ஆனால் மலிவானவை பலவற்றில் இந்த அளவுகள் இருப்பதில்லை. புளூடூத் கருவியில் ஐபோன்காரர்கள் கவனிக்க வேண்டும், பழைய வகை புளூடூத் கருவிகள் பெரும்பாலும் ஐபோனோடு இணையாது, வைஃபை அல்லது புதிய வகையான புளூடூத் எல்இ கருவி வேண்டும். எதுவானாலும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும், நாள்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரியை அது மெல்லக் குடிக்கும். மலிவான கருவிகளில் ஏர்பேக், ஏபிஎஸ் பிழைகள் பெரும்பாலும் தெரியாது. மின்சார கார்களில் பொதுவான செயலிகள் அவ்வளவாக உதவுவதில்லை.

பட்டறை

கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் வண்டியிலுள்ள எல்லாக் கணினிகளோடும் பேசும், மென்பொருளைப் புதுப்பிக்கும். அந்த மாடலில் அடிக்கடி வரும் கோளாறுகளுக்கு நிறுவனம் அனுப்பும் குறிப்புகளும் அவர்களிடம் இருக்கும். வாரண்டி உள்ள வண்டி, ஏர்பேக், ஹைப்ரிட் அல்லது மின்சார காரின் உயர் மின்னழுத்தப் பகுதி இவற்றுக்கு வேறு இடம் தேட மாட்டேன். ஏர்பேக் வயரைத் தொட்டுப் பார்க்கும் சோதனை வீட்டில் செய்யக்கூடியதல்ல.

மற்றவற்றுக்கு நல்ல தனி மெக்கானிக்கையே நான் விரும்புகிறேன். புகையைச் செலுத்தி ஓட்டையைக் கண்டுபிடிப்பது, ஒரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டு மிஸ்ஸிங் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பது போன்ற பொறுமையான வேலையை அவர் செய்வார். இரண்டு இடத்திலும் நான் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" குறியீடு அப்படிச் சொல்கிறது என்று மட்டும் பதில் வந்தால், நான் ஆக்சிஜன் சென்சார் மாற்றிய அதே வழியில்தான் அவரும் போகிறார்.

அழித்துவிடுவதும் பொறுத்துப் பார்ப்பதும்

இவற்றை ஒன்றாகப் பேசுவார்கள், ஆனால் இரண்டும் வேறு. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடி, மற்ற முள்கள் சரியாக இருந்தால் சில நாள் பொறுப்பதில் தவறில்லை. பிழை மறுபடி வராவிட்டால், பொதுவாகத் தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானே அணையும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததே காரணமாக இருக்கும்.

ஆனால் அதே விளக்கு சிமிட்டினால் பொறுக்கக் கூடாது. எஞ்சின் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகும் அளவுக்குச் சூடாகலாம். ஒரு ஸ்பார்க் பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும். காலை விட்டு மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

அழிப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன், பழுது பார்த்து முடித்த பிறகு சரியாகிவிட்டதா என்று சோதிக்கும் நேரம் தவிர. அழிக்கும்போது குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும், மெக்கானிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே சாட்சி அது. கணினி தன்னைத்தானே சோதித்து முடித்த பதிவுகளும் வெறுமையாகிவிடும். புகைப் பரிசோதனையில் அந்தப் பதிவுகளைப் பார்க்கும் இடங்களில் வண்டி திருப்பி அனுப்பப்படும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான்.

என் வண்டியில் இப்போது இரண்டும் இருக்கின்றன, கையேட்டின் பிடிஎஃப் செல்பேசியில், நேரடி அளவு காட்டும் கருவி குளோவ் பாக்ஸில். ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கையேட்டையே வைத்துக்கொள்வேன். பட்டறைக்குப் போகும்போது விளக்கையும், திரையில் வந்த வாசகத்தையும், குறியீட்டையும், ஃப்ரீஸ் ஃபிரேமையும் படமெடுத்துக்கொள்கிறேன். எஞ்சினை அணைத்தால் சில வாசகங்கள் மறைந்துவிடும், அதனால் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சின் ஓடும்போதே எடுத்துவிட வேண்டும். சிவப்பு விளக்காக இருந்தால் முதலில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், படம் முக்கியமில்லை. எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, மேடேறும்போதா ஐடிலிங்கிலா, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டேன், அண்மையில் யார் எதைக் கழற்றினார்கள் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுவேன்.