ஏடிஏ கார்னே: வெளிநாட்டு ஷூட்டுக்கு கேமரா கொண்டு போறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

வெளிநாட்டு ஷெட்யூல் போட்டதும் யூனிட்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, கார்னே எல்லாம் எதுக்கு, பெட்டிய லக்கேஜ்ல போட்டுட்டு கேட்டா சொந்த உபயோகம்னு சொல்லிடலாமேனு. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. சினி கேமரா, லென்ஸ் செட், லைட், சவுண்ட் கிட்னு பெட்டி பெட்டியா இறங்குற யூனிட்ட பாத்தா எந்த கஸ்டம்ஸ் ஆபீசரும் சொந்த உபயோகம்னு நம்ப மாட்டார், பொய் சொன்னதா ஆச்சுன்னா பொருளயே பிடிச்சு வெச்சுக்க முடியும்.

இதுவரைக்கும் எடுக்காதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். ஒரு பொருள வேற நாட்டுக்கு கொண்டு போய், விக்காம அப்படியே திருப்பி கொண்டு வரப்போறோம்னா இறக்குமதி வரி கட்டாம உள்ள போக வழி பண்ற கஸ்டம்ஸ் புக் தான் ஏடிஏ கார்னே. 1961 பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தத்துல ஆரம்பிச்சது, அப்புறம் 1990 இஸ்தான்புல் ஒப்பந்தமும் சேந்தது, உலக அளவுல ஐசிசிங்கற சர்வதேச சேம்பர் ஆஃப் காமர்ஸ் (வணிகர் சபை) பாத்துக்குது, ஒவ்வொரு நாட்டுலயும் பெரும்பாலும் ஏதாவது ஒரு சேம்பர் ஆஃப் காமர்ஸ் தான் குடுக்குது. வேலிடிட்டி அதிகபட்சம் ஒரு வருஷம், அதுக்குள்ள ஒரே புக்ல பல நாடு போலாம். இது இல்லன்னா இறங்கற நாட்டுல வரிக்கு ஈடா பணமாவோ பேங்க் கேரண்டியாவோ கட்டிட்டு, ஷூட் முடிஞ்சு கிளம்பினப்புறம் அந்த ரீஃபண்டுக்கு பின்னாடி அலையணும், சின்ன தயாரிப்பாளருக்கு அந்த பணம் முடங்கறதே பெரிய அடி.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா பேச வேண்டிய அவசியமே இல்லாம போறது. பாஷை தெரியாத ஏர்போர்ட்ல கூட புக்கோட பச்சை அட்டைய பாத்ததும் ஆபீசருக்கு என்ன பண்ணணும்னு தெரியுது. உள்ள மஞ்சள் தாள் நம்ம நாட்டுலேருந்து கிளம்பறதுக்கும் திரும்பி வரதுக்கும், வெள்ளை தாள் போற நாட்டுக்குள்ள நுழையறதுக்கும் வெளிய வரதுக்கும், நீலம் ஒரு நாட்ட வழியா மட்டும் கடந்து போறதுக்கு. ஆபீசர் ஒரு பாதிய கிழிச்சு எடுத்துக்குவார், புக்ல நிக்கிற பாதில சீல் வெப்பார். ஐரோப்பிய யூனியன் முழுசும் கஸ்டம்ஸுக்கு ஒரே பகுதிங்கறதால உள்ள நாடு நாடா சுத்தற ஷூட்டுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனா புக்கோட உயிரே லிஸ்ட்ல தான் இருக்கு. பொருள் பேர், சீரியல் நம்பர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, எந்த நாட்டு தயாரிப்புனு எல்லாம் போடணும், புக் கைக்கு வந்தப்புறம் ஒரு ஐட்டம் கூட சேக்க முடியாது, அதனால கேமராமேன் கடைசி நேரத்துல இன்னொரு லென்ஸ் வேணும்னு கேட்டா அந்த புக்ல அதுக்கு இடமில்ல. ரெண்டல் ஹவுஸ் குடுத்த இன்வாய்ஸ பாத்து அப்படியே டைப் பண்ணாதீங்க, ஒவ்வொரு பொருளயும் கையில எடுத்து அதுல இருக்கற நம்பர பாத்து டைப் பண்ணுங்க. ஒரு ஏர்போர்ட்ல ஆபீசர் லிஸ்ட்ல விரல வெச்சு ஒரு வயர்லெஸ் ரிசீவர காட்ட சொன்னார், அது கேமராவ சுத்தி மாட்டற ஃப்ரேம்லயே (கேஜ்) மாட்டி இருந்தது, நம்பர் ஸ்டிக்கர் பேட்டரி பிளேட்டுக்கு பின்னாடி, எங்க அசிஸ்டண்ட் கவுண்டர்லயே ஸ்க்ரூவ கழட்டி பிளேட்ட தூக்கி காட்டினப்புறம் தான் சீல் விழுந்துச்சு, பின்னாடி க்யூ நீண்டுக்கிட்டே போகுது. அப்புறம் எல்லா நம்பரையும் மொபைல்ல போட்டோ எடுத்து, லிஸ்டயும் பெட்டி நம்பர் வரிசைலயே அடுக்கினோம், இந்த ஐட்டம் எங்கன்னு கேட்டா எந்த பெட்டிய திறக்கணும்னு உடனே தெரியும்.

குறைனு சொன்னா, பொறுப்பு மொத்தமும் நம்ம தலையில தான். சீல் வெக்காம விட்டது ஆபீசரா இருந்தாலும் கேள்வி நம்மகிட்ட தான் வரும். ராத்திரி ஃப்ளைட்டுக்கு போனா சில இடத்துல கஸ்டம்ஸ் கவுண்டர்ல ஆளே இருக்க மாட்டாங்க, தேடி பிடிச்சு கூட்டிட்டு வரணும், அதுவும் பெட்டிய செக்கின்ல போடறதுக்கு முன்னாடியே. வெளிய வர சீல் இல்லன்னா பொருள் அந்த நாட்டுலயே தங்கிடுச்சுனு எடுத்துக்கிட்டு வரியும், அதுக்கு மேல 10 சதவீதம் வரைக்கும் அபராதமும் கேப்பாங்க. இன்னொன்னு பலர் கவனிக்கறதில்ல, புக்குக்கு ஒரு வருஷம் இருந்தாலும் உள்ள விடற ஆபீசர் அந்த நாட்டுலேருந்து வெளிய போக அதவிட கம்மியா ஒரு தேதி எழுதலாம், ஷெட்யூல் நீளும்னு தெரிஞ்சா அந்த கட்டத்த முதல்ல பாருங்க. பொருள் திருடு போச்சுன்னா போலீஸ் ரிப்போர்ட் இருந்தாலும் வரி கேக்க வாய்ப்பு இருக்கு, அதனால எக்விப்மெண்ட் இன்சூரன்ஸ் தனியா போட்டே ஆகணும். எல்லா நாடும் கார்னே ஏத்துக்கறதில்ல, ஏத்துக்கற நாடும் சினிமா சாமானுக்கு ஏத்துக்குதானு தனியா விசாரிக்கணும்.

கார்னே இருக்குன்னா ஷூட்டிங் பெர்மிஷனே கிடைச்ச மாதிரினு சில தயாரிப்பாளர்கள் நினைக்கறத பாக்கறப்ப எனக்கு கவலையாவே இருக்கும். இது சாமானோட வரி விஷயம் மட்டும் தான். ஆளுங்களுக்கு சரியான விசா வேணும், அமெரிக்காவுக்கு செய்தி டாக்குமெண்டரி ஆளுங்க போற ஐ விசாவுல போய் கதைப்படம் எடுக்க முடியாது, அதுக்கு வேலை விசா வேற. லொகேஷன் பெர்மிட், பொது இடத்துல யாருக்காவது அடிபட்டா ஈடு கட்டற லயபிலிட்டி இன்சூரன்ஸ், இதெல்லாம் அந்த ஊர்ல ஷூட் ஏற்பாட்ட பாத்துக்கற லைன் புரொட்யூசர் வழியா தான் நடக்கும். வாக்கிடாக்கி, வயர்லெஸ் மைக் எந்த அலைவரிசைல ஓடலாம்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். ட்ரோன் லிஸ்ட்ல இருந்தாலும் பறக்க விட லைசென்ஸ் தனி, மொராக்கோ மாதிரி இடத்துல ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுடுவாங்க. ஒட்டற கேஃபர் டேப், மேக்கப் மாதிரி தீந்து போற சாமான இதுல போட முடியாது. ஸ்பேர் லித்தியம் பேட்டரி எல்லாம் கையோட தான் போகணும், 100 வாட்-ஹவருக்கு (Wh) மேல 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதியோட ஒருத்தருக்கு ரெண்டு தான், அதனால யூனிட்ல யார் எத்தன பேட்டரி தூக்கறாங்கனு முன்னாடியே பிரிச்சுக்கோங்க.

பணம் பத்தி ஒரு வார்த்தை. புக் குடுக்கறவங்க கட்டணத்துக்கு மேல செக்யூரிட்டியும் (ஈட்டுத்தொகை) கேப்பாங்க, சாமானோட மதிப்ப வெச்சு, இதுவும் நாட்டுக்கு நாடு மாறும். ஊர் திரும்பினதும் கடைசி மஞ்சள் தாள்ல சீல் வாங்கி புக்க குடுத்தவங்ககிட்டயே ஒப்படைச்சா தான் அந்த செக்யூரிட்டி ரிலீஸ் ஆகும். குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தயும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க, புக் எக்ஸ்பயரி ஆகி ஒரு வருஷம் வரைக்கும் கூட நீங்க ஷூட்டுக்கு போன நாட்டுலேருந்து வரி கேட்டு நோட்டீஸ் வரலாம், அப்ப காட்ட உங்க கையில இருக்கப்போறது அந்த ஸ்கேன் தான்.