பாம்பன் புதிய பாலத்தில் ரயில் பயணம்: ஒரு பயணியின் மதிப்பீடு

மண்டபத்தைத் தாண்டி ரயில் கடல்மேல் ஏறியதும் பெட்டியில் பாதிப் பேர் கைப்பேசியோடு கதவருகே கூடிவிட்டனர். நானும் எழுந்தேன், என் கவனமெல்லாம் வேகத்தின் மேல் இருந்தது. மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட இப்பாலத்தில் 75 கி.மீ. வரையிலும், கப்பல்களுக்கு வழிவிட மேலே உயரும் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியில் 50 கி.மீ. வரையிலும் மட்டுமே செல்லலாம் என்று வரம்பு வைத்துத்தான் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதி வழங்கினார்.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்த வேகமே பெரிது. அங்கே ரயில் ஊர்ந்துதான் போனது. 1964 டிசம்பர் புயலில் அதன் 126 கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) அடித்துச் செல்லப்பட்டன. பிற்காலத்தில் அங்கே காற்றுமானி பொருத்தப்பட்டு, காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயில் நிறுத்தப்பட்டது. எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்ற கேள்விக்கு அந்த 58 ஒரு நேர்மையான விடை என்றே நினைக்கிறேன்: அதற்குக் கீழே போகலாம், மேலே போனால் காத்திருக்க வேண்டும்.

புதிய பாலத்தின் கதை இவ்வளவு எளிதல்ல. 2024 நவம்பரில் வந்த ஆணையரின் அறிக்கை, தூக்குப் பகுதியின் வடிவமைப்பு ரயில்வேயின் ஆய்வு, தரநிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் தரநிலையைப் பின்பற்றவில்லை என்றும், இரும்பில் அதற்குள்ளாகவே துரு தென்படுகிறது என்றும் குறை கூறியது. வெளிநாட்டு ஆலோசகரின் வடிவமைப்பை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் சரிபார்த்தனர் என்று ரயில்வே விளக்கமளித்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. வடிவமைப்பின் கணக்கைச் சரிபார்ப்பது ஒரு வேலை, உப்புக்காற்றில் நிற்கும் இரும்பைக் கண்காணிப்பது வேறொரு வேலை என்பதால், முதல் வேலை முடிந்ததைக் காட்டி இரண்டாவதைப் பற்றிய கவலையைத் தீர்த்துவிட முடியாது. துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத கம்பிகளும் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் பூச்சு எங்கே உரிகிறது என்பதை ஆண்டுதோறும் யாராவது ஏறிப் பார்த்தாக வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டம் குறைவு, தூக்குப் பகுதியின் கோபுரங்களுக்கு நடுவே போகையில் சக்கரத்தின் ஓசை மாறுவது காதுக்கே தெரிகிறது. கதவருகே நிற்பவர்கள் கைப்பிடியை விடாதிருப்பது நல்லது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பாலத்தின் காற்று வரம்பையும், கடைசி ஆய்வு நடந்த தேதியையும் ராமேஸ்வரம் நிலையத்தில் எழுதி வைத்தால் மீதி ஒன்றையும் சேர்த்துவிடலாம்.