தொடரா, கிண்டிலா, பதிப்பகமா, சொந்த அச்சா? காதல் நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஏர்வாடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்லூரி மூன்றாம் வருடம். நாவல் ஒன்று எழுதி முடித்திருக்கிறாள். காதல் கதை, முழுக்க நகைச்சுவை. "அக்கா, ஆப்ல போடவா, கிண்டில்ல போடவா, பதிப்பகத்துக்கு அனுப்பவா? எங்க வாப்பா, நாமளே அச்சடிச்சிருவோம்ங்கிறாங்க" என்றாள். அரைமணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தியில்லை. அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு இதுவரை மூன்று நாவல் எழுதியிருக்கிறேன். அவள் கேட்ட நான்கு வழியிலும் போய் வந்தவள் என்பதால் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பணத்தையும் வாசகர் எண்ணிக்கையையும் வைத்துத்தான் பதில் சொல்வார்கள். காதல் நகைச்சுவைக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. துப்பறியும் கதையில் பத்து அச்சுப்பிழை இருந்தாலும் கொலைகாரன் மாறிவிட மாட்டான். சிரிப்பு அப்படியில்லை. ஒரு சொல் மாறினாலே போய்விடும். ஆகவே எந்த வழியில் போனால் நான் எழுதிய சிரிப்பு சேதமில்லாமல் வாசகர் கைக்குப் போகும் என்பதுதான் என் முதல் அளவுகோல்.

செயலியில் தொடர்

முதல் நாவலை பிரதிலிபி என்ற கதை வாசிப்புச் செயலியில் தொடராகப் போட்டேன். 2014இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். தமிழில் குடும்பக் கதையும் காதல் கதையும் படிக்கும் பெரிய பெண் வாசகர் கூட்டம் அங்கே இருக்கிறது. எழுதுகிறவருக்குக் கைக்காசு செலவில்லை. பாகம் பாகமாகப் போடலாம், வாசகர் அதே நாளில் விமர்சனம் எழுதுவார். வாசகர்கள் பெருகியபின், அவர்கள் செயலி நாணயம் கொடுத்து அடுத்த பாகத்தைத் திறக்கும் முறையில் கொஞ்சம் வருமானமும் வரும்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வர்ணப்பூச்சு நடக்கும். என் கதையும் அங்கேதான் நடக்கிறது. படகுக்குப் பெயர் எழுத வந்த பையன் படகுக்காரர் மகளைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறான். 'அந்தோணியார் துணை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அந்தோணியம்மா துணை' என்று எழுதிவிடுகிறான். பெண்ணின் பெயர் அந்தோணியம்மா. கதை முழுக்க அந்த ஒரு எழுத்துப்பிழையில்தான் நிற்கிறது.

தடைக்காலத்தில் தினம் ஒரு பாகம் போட்டேன். எங்கள் மதினி இறால் உரித்த கையோடு போனைத் தொட முடியாமல், மகளைத் திரையைத் தள்ளச் சொல்லிப் படித்தார். மகள் அடுத்த வரியை முன்னாலேயே பார்த்துச் சிரித்துவிட, "என்னான்னு சொல்லித் தொலடி" என்று இவர் கத்துவார். வேறு எந்த வழியிலும் எழுதுகிறவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது. சிரிப்பு எந்த வரியில் வந்தது, எங்கே வரவில்லை என்று கண்ணால் பார்த்தேன். ஒரு வாசகர், "பெயின்டர்கள் முதலில் சாக்பீஸில் கோடு போட்டுவிட்டுத்தானே எழுதுவார்கள், பிழை எப்படி வரும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சாக்பீஸில் சரியாக இருந்ததை மழைத் தூறல் அழித்துவிட்டதாக மாற்றினேன், கதை இன்னும் நன்றாக வந்தது.

ஆனால் தொடரில் நகைச்சுவைக்கு ஒரு பாதகம் உண்டு. அழ வைத்த பாகத்தை முடித்தவர் அடுத்த பாகத்தை உடனே திறப்பார். சிரித்தவர் மனம் நிறைந்து போனை வைத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் ஒரு கண்ணீரையோ சண்டையையோ ஒட்டச் சொல்லி எண்ணிக்கையே நம்மைத் தள்ளும். பாகம் கூடினால் வருமானம் கூடும் என்பதால் இழுக்கவும் தோன்றும். நகைச்சுவை இழுத்தால் அறுந்துவிடும். நான் கண்ட வழி இதுதான்: தவறான புரிதல் தொடங்கும் இடத்தில் பாகத்தை நிறுத்துவது, அது வெடிக்கும் இடத்தை அடுத்த பாகத்தின் முதல் பத்தியில் வைப்பது. நாற்பது பாகத்துக்கு மேல் போகவே கூடாது.

பதிப்பகம்

தொடரைப் படித்துவிட்டு ஒரு பதிப்பகத்தார் அழைத்தார். அம்மா அன்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். புத்தகம் வந்தது, அட்டை அழகாக இருந்தது. 43ஆம் பக்கத்தைத் திறந்தேன். மெய்ப்புத் திருத்தியவர் 'அந்தோணியம்மா துணை' என்பதைப் பிழை என்று நினைத்து 'அந்தோணியார் துணை' என்று திருத்திவிட்டார். அடுத்த பத்தியில் படகுத்துறையில் நின்ற ஊரே படகைப் பார்த்துச் சிரிக்கிறது. எதற்கென்று வாசகருக்குத் தெரியாது. 'அயித்தை' எல்லாம் 'அத்தை' ஆகியிருந்தது, 'அங்கிட்டு' எல்லாம் 'அங்கே' ஆகியிருந்தது. அன்று இரவு அழுதேன்.

பேசியது 10 சதவீத உரிமைத்தொகை, அதாவது ராயல்டி. தமிழில் பரவலாக உள்ள விகிதம் அதுதான். 200 ரூபாய் புத்தகத்துக்கு ஒரு பிரதிக்கு 20 ரூபாய். எழுத்தாளர் பிரதி 25 கொடுத்தார்கள். அதன்பின் எத்தனை விற்றது என்ற கணக்கு வரவேயில்லை. கேட்டால் "சென்னைப் புத்தகக் காட்சி முடியட்டும்மா" என்பார்கள்.

இதனால் பதிப்பகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொது நூலகத் துறை கொள்முதல், ஜனவரியில் பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு, மதுரை திருச்சி கடைகளில் அலமாரி, இவை ஒரு நல்ல பதிப்பகத்துக்கு எளிது, தனி ஆளுக்குக் கடினம். முன்பின் தெரியாத ஒருவர் அலமாரியில் பார்த்து என் புத்தகத்தை எடுப்பது அங்கேதான் நடக்கும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வொரு எழுத்தாளரும் படித்து வைத்திருக்க வேண்டும். உரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். என்னிடம் கையெழுத்தே வாங்கவில்லை என்பதால்தான் அந்த நாவல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஒலிநூல் உரிமையும் மின்னூல் உரிமையும் எழுத்தாளரிடமே. இன்னொன்று, கடைசி மெய்ப்பை எழுத்தாளர் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே அச்சு. வட்டார வழக்கில் நகைச்சுவை எழுதுகிறவருக்கு இரண்டாவது வரி பத்து சதவீதத்தைவிட முக்கியம்.

எழுத்தாளரிடமே நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு 'வெளியிட்டுத் தருகிறோம்' என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் நாமே அச்சடிக்கலாம்.

கிண்டில்

இரண்டாவது நாவல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில். 2016 டிசம்பரிலிருந்து தமிழ் அங்கே இருக்கிறது. வேர்டு கோப்பும் அட்டைப்படமும் இருந்தால் ஒரே மாலையில் ஏற்றிவிடலாம். ஒரு சொல்லைக்கூட யாரும் தொடமாட்டார்கள், பிழை கண்டால் மறுநாளே திருத்தலாம். என் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

உரிமைத்தொகை 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற கிண்டில் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த நாவலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, மாதிரிக்குப் பத்து சதவீதம்வரை வைக்கலாம். அதாவது செயலித் தொடரை இறக்கியாக வேண்டும். 90 நாள் முடிந்ததும் நாம் நிறுத்தாவிட்டால் தானாகவே நீளும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர் படித்த பக்கத்துக்குத் தனியாகப் பணம் வரும்.

ஒரு சின்ன விஷயம், எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. நம் வாசகர்கள் அமேசானில் தமிழ் நாவலையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். ஏற்றும்போது தரும் ஏழு குறிச்சொல் கட்டங்களில் இரண்டிலாவது தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதிவையுங்கள். அதைச் செய்தபின்தான் என் நாவல் கண்ணில் பட ஆரம்பித்தது.

படித்தவர்கள் யார்? கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். ஊர்ப்பேச்சைப் படித்து ஊர் ஞாபகம் வந்ததாக எழுதியிருந்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் கிண்டில் இருக்கும் போன் ஒன்றுகூட இல்லை. மதினி இரண்டாவது நாவலை இன்னும் படிக்கவில்லை. அது எனக்குப் பெரிய குறை.

சொந்த அச்சு

மூன்றாவதை நானே அச்சடித்தேன். 160 பக்கம், 300 பிரதி, 27,000 ரூபாய். பிரதிக்கு 90. விலை 200. நேரில் விற்றால் 110 மிஞ்சும். கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் 40தான். தபாலில் அனுப்பினால் செலவைப் பொறுத்து நடுவில் எங்கோ நிற்கும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியது எழுத்துரு மாற்றம். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஒகர ஓகாரக் கொம்புகள் இடம்மாறும். மாற்றியபின் ஒருமுறை வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும். நான் மூன்று இரவு படித்தேன், 31 இடம் சிக்கியது.

அப்போது ரயில் தீவுக்குள் வராத காலம். பழைய பாம்பன் பாலம் 2022 டிசம்பரில் மூடியது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. ராமநாதபுரத்தில் பெட்டிகளை இறக்கி வேனில் கொண்டுவந்தோம். ஆறு பெட்டியும் கட்டிலுக்கடியில் மூன்று மாதம் இருந்தன. விற்பது எப்படி என்று யோசிக்காமல் அச்சடித்தது என் தவறு. 300 வேண்டாம், முதலில் 150 போதும்.

எது விற்றது

ரீல்ஸ் போட்டேன். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி. சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்தவர் அரங்கில் 40 பிரதி வைத்தேன், 12 போனது. ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் அதே 40 மூன்று நாளில் தீர்ந்தது. காரணம் எளிது. அங்கே நான் பக்கத்திலேயே நின்று இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினேன். நகைச்சுவைக்குப் பின்னட்டைக் குறிப்பு எதுவும் செய்வதில்லை. காதில் விழ வேண்டும். பாம்பனில் மீனவர்களுக்கென்றே இயங்கும் கடல் ஓசை 90.4 மாதிரி சமுதாய வானொலி இருக்கும் கரை இது. எழுதுகிற பெண்கள் வாசித்துக் காட்டப் பழகிக்கொள்ள வேண்டும் என்பேன். யூடியூப் ஒலிநாவல் சேனல்களுக்கும் கொடுக்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு.

எதிர்பாராத இடம் கல்யாண வீடு. உச்சிப்புளியில் ஒரு பெண் வீட்டார் தாம்பூலப் பையில் தேங்காயோடு வைக்க 60 பிரதி கேட்டார்கள். கேட்டபோதுதான் உறைத்தது. காதலும் சிரிப்பும் உள்ள புத்தகத்துக்குக் கல்யாணத்தைவிட வேறு எந்த இடம் பொருந்தும்? 130 ரூபாய்க்குக் கொடுத்தேன். அதன்பின் இரண்டு வீட்டார் கேட்டுவிட்டார்கள்.

கீழக்கரையில் ஒரு ராத்தா ஒரே ஒரு பிரதி வாங்கினார். பதினோரு பேர் படித்து, திரும்ப என்னிடமே கையெழுத்துக்கு வந்தது. 87ஆம் பக்கத்தில் தொதல் இனிப்பின் எண்ணெய் படிந்து எழுத்து மறுபக்கம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில்தான் கதாநாயகன் மாமனாரை ஐஸ் வண்டிக்காரர் என்று நினைத்து விலை பேசுவான். சாப்பிட்டுக்கொண்டே சிரித்திருக்கிறார்கள். அந்தப் பதினொன்றில் நான்கு பேர் பிறகு சொந்தப் பிரதி வாங்கினார்கள்.

ஏர்வாடிப் பெண்ணுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் செயலியில் தொடர், நாற்பது பாகத்துக்குள். முடிந்ததும் ஒட்டிய கண்ணீரையெல்லாம் வெட்டி 160 பக்கமாக்கு. 150 பிரதி சொந்த அச்சு, வாப்பா சொன்னது சரிதான். ஒரு வருடம் கழித்துத் தொடரை இறக்கிவிட்டுக் கிண்டிலில் ஏற்று, வெளிநாட்டு வாசகருக்கு. பதிப்பகம் வந்தால் நல்லது, கையெழுத்துக்குப் பின்தான் கோப்பு.

நேற்று முதல் மூன்று பாகத்தை அனுப்பியிருந்தாள். மாலையில் மதினிக்கு வாசித்தேன். தர்கா வாசலில் பையன் தன் செருப்பென்று கதாநாயகியின் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் இடம். மதினி இறால் கூடையைக் கீழே வைத்தார். "நில்லுத்தா, அதை இன்னொருக்க வாசி" என்றார்.