ஜாவாஸ்கிரிப்ட்டோடு எட்டு ஆண்டுகள்

வெள்ளவத்தையில் இருந்து வேலைக்குப் போய்வரும் எனக்கு எட்டு ஆண்டுகளாகச் சோறு போடுவது இணையதளங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. திருத்தினால் பழைய தளங்கள் உடையும் என்பதால் யாரும் கைவைப்பதில்லை.

என்னை முதலில் கடித்தது, இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் இரட்டைச் சமன்குறி (==). வீட்டுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி ஒன்றில் கட்டணம் பூச்சியமா என்று அதை வைத்துப் பார்த்தேன். கட்டணப் பெட்டி வெறுமையாக இருந்த ஓடர்களும் இலவசமாகப் போய்விட்டன. வெற்று ஸ்ட்ரிங்கும் (எழுத்துச்சரம்) 0வும் அந்தக் குறிக்கு ஒன்றுதான்.

அப்புறம் தபால் குறியீடு. எங்கள் கொழும்பு 6க்கு 00600. எண்ணாக மாற்றினால் 600 ஆகிவிடும். மேற்கோள்குறி இல்லாமல் கோடில் அப்படியே எழுதினால் இன்னும் மோசம்: விதிகளைக் கடுமையாக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத இடத்தில் அது எட்டடிமான (8ஐ அடியாகக் கொண்ட) எண்ணாகி 384 என்று நிற்கும். கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்காதீர்கள் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன்.

"மொழியை ஒழுங்காப் படிச்சா இதெல்லாம் பிழையே இல்லை, விதி எழுதித்தானே இருக்கு" என்பார் எங்கள் அணியில் மூத்த அண்ணை. நான் ஒத்துக்கொள்வதில்லை. இரவு பதினொரு மணிக்குத் திருத்துபவருக்கு விதி ஞாபகம் வராது. கோடைச் சோதித்துப் பிழை காட்டும் லின்டரில், வகையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று சமன்குறியைக் (===) கட்டாயமாக்கினோம்; ரிவியூவில் அந்த வாக்குவாதம் அதோடு முடிந்தது.

ஆனால் தமிழ் எழுத்து விஷயத்தில் அண்ணை பக்கம்தான் நியாயம். அங்கே படித்தே ஆகவேண்டும், லின்டர் எதுவும் காப்பாற்றாது. 'கொழும்பு' கண்ணுக்கு நான்கு எழுத்து; லெங்த் (நீளம்) கேட்டால் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 8 என்கிறது. ஒகரக் குறி ஒரே குறியீடாக இல்லாமல் எகரக் குறி, கால் என இரண்டாக வந்தால் 9. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, மூன்று சமன்குறி போட்டாலும் வேறு வேறு என்கிறது. தேடலில் ஊர்ப்பெயர் அகப்படவில்லை என்ற முறைப்பாட்டின் பின்னால் மூன்று நாள் அலைந்தபோதுதான் இது பிடிபட்டது. இந்த இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்க 2015இல் மொழிக்குள் வந்த நார்மலைஸ் இருந்தும் நான் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. எழுத்தெண்ண, சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் நல்லது. ஃபயர்பாக்ஸில் அது 2024இல்தான் வந்தது.

இப்போது எல்லாம், ஜாவாஸ்கிரிப்ட்டோடு எண், ஸ்ட்ரிங் போன்ற வகைகளைக் குறிக்கவிடும் டைப்ஸ்கிரிப்ட்டில்தான் எழுதுகிறோம். எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட்டால் எழுதும்போதே திட்டுகிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் ஓடும்போது அந்த வகைகள் அழிந்துவிடும், படிவத்தில் இருந்து வருவதை அது பார்க்காது. ஆகவே வாசலிலேயே சோதிக்கிறோம்: முதலில் நார்மலைஸ், பிறகு வகை, அதற்குப் பிறகுதான் தரவுத்தளம்.