பித்தக்குழாயில் கல்: வாய் வழியா, வயிறு வழியா?

"சிஸ்டர், கல்லைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

எண்டோஸ்கோபி அறை வாசலில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்பார்கள். போன வாரம் கேட்டவர், தன் அம்மாவை அழைத்து வந்திருந்த மகன். நியாயமான கேள்விதான். அம்மாவுக்குக் காமாலை இறங்கிவிட்டது, வலி நின்றுவிட்டது, இட்லி கேட்டுச் சாப்பிடுகிறார். ஆனால் கல் விளைகிற இடம் பித்தப்பை. நாங்கள் எடுத்தது அங்கிருந்து நழுவி வந்து குழாயை அடைத்த கல்லை மட்டும்.

பித்தப்பைக் கல்லால் தொந்தரவு வருகிற 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயிலும் கல் இருக்கும். இவர்களுக்கு வழி இரண்டு. ஒன்று, இ.ஆர்.சி.பி. என்ற வாய்வழி எண்டோஸ்கோபி செய்து குழாய்க் கல்லை எடுத்துவிட்டு, பிறகு தனியாக லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷனில், பித்தப்பையை எடுப்பது. மற்றது, ஒரே மயக்க மருந்தில், ஒரே லேப்ராஸ்கோபியில் இரண்டையும் முடிப்பது.

இ.ஆர்.சி.பி.யில் வயிற்றில் கீறலே கிடையாது. வாய் வழியாக விடும் ஸ்கோப் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில் இறங்கும். இந்த ஸ்கோப்பின் கேமரா நேராகப் பார்க்காது, பக்கவாட்டில் பார்க்கும். பித்தக்குழாய் வந்து திறக்கும் இடம் குடலின் பக்கச் சுவரில் சின்ன மொட்டு மாதிரி இருப்பதுதான் காரணம். அந்த மொட்டுக்குள் மெல்லிய கம்பியை நுழைப்பதில்தான் மொத்த வேலையின் உயிரும் இருக்கிறது. கனமான லெட் ஏப்ரனோடு நின்றுகொண்டு எல்லோரும் எக்ஸ்ரே திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். கம்பி கல்லீரலை நோக்கி மேலே ஏறினால் பித்தக்குழாய். முதுகெலும்பைக் கடந்து குறுக்கே போனால் கணையக் குழாய், உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். சரியான குழாய்க்குள் போய்விட்டால், மொட்டின் வாயை மின்கம்பியால் கொஞ்சம் கீறி, பலூனாலோ கூடையாலோ கல்லைக் குடலுக்குள் இழுத்துவிடலாம். மலத்தோடு போய்விடும்.

இந்தக் கீறலை 1974இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே செய்து காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் குழாயில் கல் என்றால் வயிற்றைத் திறப்பதுதான் வழி.

இதற்கு ஒரு விலை உண்டு. இ.ஆர்.சி.பி. செய்த 100 பேரில் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரும். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும், சிலருக்குக் கடுமையாகிவிடும். ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதசின் மருந்து இதைக் குறைக்கிறது. ரத்தக்கசிவும் குடலில் ஓட்டை விழுவதும் அதைவிட அரிது. அதனால், கல் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக மட்டும் இ.ஆர்.சி.பி.க்குப் போகக் கூடாது. அதற்குப் பித்தக்குழாயைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது, உடம்புக்குள் எதையும் விட வேண்டியதில்லை.

ஒரே லேப்ராஸ்கோபியில் முடிக்கும் முறையில், பித்தப்பையின் சிறு குழாய் வழியாகவோ, பொதுக்குழாயையே திறந்தோ, மெல்லிய ஸ்கோப்பை விட்டுக் கல்லை எடுப்பார்கள். மொட்டைக் கீற வேண்டாம், கணையம் பக்கம் போகவே வேண்டாம். மயக்க மருந்து ஒரு தடவை, அட்மிஷன் ஒரு தடவை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கல் எடுபடுவதிலும் சிக்கல்களிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள்தான் இதில் குறைகிறது. சிரமம் என்னவென்றால், குழாயைத் திறந்து தையல் போட நல்ல பழக்கம் வேண்டும். பித்தம் கசியலாம். ஒல்லியான குழாயைத் திறந்தால் பின்னால் அது சுருங்கிப்போகலாம்.

சரி, எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இ.ஆர்.சி.பி.தான். உள்ளே சீழ் பிடித்த குழாயைச் சீக்கிரம் வடியவிட வேண்டும். பித்தப்பையை முன்பே எடுத்துவிட்டவர்களுக்கும் அதுதான். காய்ச்சல் இல்லை, உடம்பு திடமாக இருக்கிறது, குழாய் அகலமாக இருக்கிறது, இதை அடிக்கடி செய்யும் சர்ஜன் பக்கத்தில் இருக்கிறார் என்றால், நான் ஒரே ஆபரேஷனைத்தான் கேட்பேன். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கும் அது வசதி. ஸ்கோப் போகும் பாதையே அவர்களுக்கு மாறிப்போயிருக்கும்.

மாத்திரையில் கரைப்பது இந்த இரண்டுக்கும் மாற்று ஆகாது. உர்சோ மாத்திரை சின்னக் கொழுப்புக் கற்களைத்தான், அதுவும் மாதக்கணக்கில், கரைக்கும். நிறமிக் கல் கரையாது.

வயதாகி, இதயமும் நுரையீரலும் ஆபரேஷனைத் தாங்காது என்ற நிலையில் பித்தப்பை சீழ் பிடித்தால், விலாவுக்குக் கீழே தோல் வழியாகக் குழாய் வைத்து வெளியே ஒரு பையில் வடியவிடுவது பழைய வழி. எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் மூலம் குடலிலிருந்தே பித்தப்பைக்குள் உலோக ஸ்டென்ட், அதாவது வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய், வைப்பது புதியது. 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், தோல் வழிக் குழாய் வைத்தவர்களில் 77.5 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் ஏதாவது சிக்கல். ஸ்டென்ட் வைத்தவர்களில் 25.6 சதவீதம். குழாயோடும் பையோடும் தூங்கக் கஷ்டப்படும் தாத்தா பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

இனி அந்த மகனின் கேள்வி. இ.ஆர்.சி.பி.யோடு நிறுத்தியவர்களையும் பித்தப்பையையும் எடுத்துக்கொண்டவர்களையும் நெதர்லாந்தில் 2 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நிறுத்தியவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொந்தரவு திரும்பி வந்தது. எடுத்துக்கொண்டவர்களில் 2 சதவீதம். இரண்டு படி உள்ள வழியின் பெரிய பலவீனம் இதுதான்: முதல் படியிலேயே உடம்பு சரியானதுபோல் இருப்பதால் இரண்டாவது படி ஏறாமலே போய்விடுகிறார்கள்.

இன்னொன்று ஸ்டென்ட். கல் முழுசாக வராதபோதும், சில சமயம் வந்த பிறகு குழாய் நன்றாக வடிவதற்காகவும், பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து அனுப்புவோம். பேனா ரீஃபில் பருமன்தான் இருக்கும். 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வேறொரு ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒரு அம்மா, ஒன்றரை வருஷம் கழித்துக் காய்ச்சலோடு எங்களிடம் வந்தார். இழுத்து எடுத்தபோது கறுத்துப்போய், உள்ளே சேறுபோல அடைத்திருந்தது. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதை யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. "உள்ள குழாய் இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

அதனால் இப்போது தேதியைத் தமிழில் எழுதிக் கொடுத்து, வீட்டில் இரண்டு பேரிடமாவது படித்துக் காட்டுகிறேன். அந்த மகனின் அம்மாவுக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தோம். அவரிடமும் சொன்னேன்: "அண்ணா, ஸ்டென்ட் எடுக்கிற தேதி இது. ஆபரேஷனை இந்த அட்மிஷனிலேயே முடிச்சிட்டுப் போங்க." அவர் போனை எடுத்து தேதியைப் போட்டுக்கொண்டு, சர்ஜனைப் பார்க்க எந்த மாடிக்குப் போகணும் என்று கேட்டார்.